வாய்தா மேடம்

அவரைத் தேடி வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் அழுதுகொண்டேதான் வருவார்கள். என்ன நடந்தது என்று அவர் முதலில் கேட்டு நான் பார்த்ததில்லை. எதிரே இருக்கிற நாற்காலியைக் காலால் மெல்லத் தள்ளிவிட்டு, "எத்தனை நாள் வேணும்?" என்றுதான் ஆரம்பிப்பார்.

அதிலேயே அழுகை பாதி நின்றுவிடும். ஏன் வரவில்லை, ஏன் எழுதவில்லை, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்கிற கேள்விகளுக்குத் தயாராகி வந்த பிள்ளை, தன் கஷ்டத்தை நாள் கணக்கில் யோசித்தே பார்த்திராது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஒரு பத்து நாள் இருந்தா போதும் மேடம்" என்று சொல்லும்.

"பதினஞ்சு கேப்போம். பத்து குடுப்பாங்க" என்பார் அவர். அதற்குப் பிறகுதான் கதையைக் கேட்பார். கேட்கும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிடுவது அவர் பழக்கம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு அந்தப் பக்கம், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே விலகிப் போகிற ஒரு தனியார் பல்கலைக்கழகம் எங்களுடையது. நான் கணிதம் நடத்துகிறேன். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைத் தனியே பிரித்து ஹானர்ஸ் வகுப்பு என்று வைத்திருக்கிறார்கள். அதில் இருப்பவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் ஒரு தாளில் தவறினாலோ வருகைப்பதிவு குறைந்தாலோ சாதாரண வகுப்புக்கு இறக்கிவிடுவார்கள். சலுகையும் அதோடு போய்விடும். நோயில் விழுந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், பிள்ளை பெற்றவர்கள், வீட்டில் சாவு கண்டவர்கள், ராத்திரி முழுக்கக் கம்பெனியில் நின்றுவிட்டுக் காலையில் வகுப்புக்கு வருகிறவர்கள் – இப்படிப்பட்டவர்களுக்கு 'சிறப்புச் சூழல் மாணவர்கள்' என்று பெயர். அவர்களுக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்று ஆய்வுக்கு வந்த குழு சொல்லிவிட்டுப் போனது. குழுவுக்குக் காட்டுவதற்காக உண்டாக்கிய பதவி அது. அதை அவர் ஒருவர்தான் நிஜம் என்று நம்பினார்.

எங்கள் துறையில் இடம் இல்லாததால் அவருடைய அறையிலேயே எனக்கும் ஒரு மேஜை போட்டார்கள். தரைத்தளம், ஜெனரேட்டரை ஒட்டிய அறை. மின்சாரம் போனால் ஜாடையில்தான் பேசிக்கொள்ள வேண்டும். திருநின்றவூரிலிருந்து பெரியபாளையம் வழியாக வருகிற கல்லூரிப் பேருந்தில் இருவரும் ஒன்றாகத்தான் போய் வந்தோம். அப்படிச் சில வருடங்கள்.

பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'வாய்தா மேடம்'. அது அவருக்கும் தெரியும். கோபப்படவில்லை. "வாய்தா வாங்கி வாங்கியே எத்தனை கேசு ஜெயிச்சிருக்காங்க, தெரியுமா சார்?" என்று சிரித்தார். அவருடைய முனைவர் பட்ட ஆய்வே அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. முடிக்க வேண்டிய காலம் தாண்டி, நீட்டிப்பு வாங்கி, அதற்கும் மேல் நீட்டிப்பு வாங்கி. அவருடைய வழிகாட்டி ஓய்வு பெற்று, அடுத்தவர் வந்து, அவரும் ஓய்வு பெறுகிற வயதுக்கு வந்திருந்தார்.

இந்த நம்பிக்கை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் பேருந்தில் சொன்னார். அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று மருத்துவமனையில் கைவிட்டுவிட்டார்களாம். சொந்தக்காரர்களெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இவர் மட்டும், "கொஞ்ச நாள் பாக்கலாம், கொஞ்ச நாள் பாக்கலாம்" என்று பிசியோதெரபிக்காரரை வரவழைத்துக்கொண்டே இருந்தார். அப்பா எழுந்து உட்கார்ந்தார். இப்போது திருநின்றவூர் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து, போகிற வருகிற மின்சார ரயிலுக்கெல்லாம் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறார்.

"கெட்டது வரும்போது நேருக்கு நேரா நின்னா அடிச்சிப் போட்டுட்டுப் போயிடும் சார். கொஞ்ச நாள் ஒதுங்கி நின்னுட்டா அதுவே போயிடும். பாதி கஷ்டம் அப்படித்தான்" என்றார்.

அது நடக்கவும் செய்தது. பிரசவமாகி வந்த ஒரு மாணவிக்குத் தனியாகத் தேர்வு வைக்கச் சொல்லி ஒற்றைக்காலில் நின்று வாங்கினார். அந்தப் பெண் உள்ளே வேதியியல் எழுத, இவர் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்துகொண்டே இருந்தார். குழந்தை அவர் புடவையை நனைத்துவிட்டது. அந்த ஈரத்தோடேயே துறைத்தலைவர்கள் கூட்டத்துக்குப் போனார். மஞ்சள் காமாலையில் கிடந்த பையன் ஒருவன் எல்லாத் தாளும் பின்னால் எழுதி முதலாவதாக வந்தான். நாள் கொடுத்தால் பிள்ளைகள் எழுந்து விடுவார்கள் என்பதை நானும் நம்பத் தொடங்கியிருந்தேன்.

அப்போதுதான் எஸ்தர் வந்தாள்.

அவள் என் மாணவி. தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிற காலனியிலிருந்து வருகிறவள். அவள் தாத்தா காலம் வரை அவர்கள் பிறர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அப்பா இரும்புக் கம்பி உருட்டுகிற ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. வகுப்பில் நான் ஒரு நிரூபணத்தைப் பாதியில் விட்டால், மீதியை மனதிலேயே முடித்துவிட்டு உதட்டுக்குள் சிரிக்கிற பெண். ஆனால் கரும்பலகையைத் தலையைத் திருப்பித் திருப்பித்தான் படிப்பாள். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் போக முகம் முழுவதையும் நகர்த்த வேண்டும். கண்ணில் விழித்திரை நோய். இருட்டில் சின்ன வயதிலிருந்தே ஒன்றும் தெரியாது. பகலில் நேராக இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. வருடம் போகப் போக அந்த நேர்ப்பார்வையும் சுருங்கிக்கொண்டே வரும் என்றும், மருந்து கிடையாது என்றும் எழும்பூர் கண் மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள்.

அவளை மேடத்திடம் நான்தான் அனுப்பினேன். எஸ்தர் அழவில்லை. வழக்கம்போல நாற்காலி நகர்ந்தது. "எத்தனை நாள் வேணும்?"

"நாள்லாம் வேணாம் மேடம்" என்றாள் எஸ்தர். "கிளாஸ்ல ஓரமா உக்கார வெக்கிறாங்க. நடுவுல ஒரு எடம் குட்த்தா போதும். அப்புறம் இருட்றதுக்குள்ள வுட்டுட்டாங்கன்னா ஊட்டுக்குப் போய்ச் சேந்துடுவேன்."

நாள் வேண்டாம் என்று சொன்ன முதல் பிள்ளை அவள்தான். நடு இடம் அன்றைக்கே கிடைத்தது. மாலை வகுப்பை மட்டும் மாற்ற முடியவில்லை. வெளியிலிருந்து வரும் ஆசிரியருக்கு அந்த நேரம்தான் வசதியாம்.

ஒரு கார்த்திகை மாதம், மழை பெய்த மாலை. வகுப்பு நீண்டுவிட்டது. ஷேர் ஆட்டோ அவளைச் சர்வீஸ் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டது. காலனிக்குத் திரும்புகிற இடத்தில் கம்பெனிக் கால்வாய்க்கு மூடி இல்லை. விழுந்து கால் முறிந்தது. கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது பருவத்தேர்வு முடிந்துபோனது.

ஊன்றுகோலோடு அவள் எங்கள் அறைக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவளே முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள்.

"சாதா கிளாசுக்கே போய்ட்றேன் மேடம். அரியர் வெச்சிக்கினு எழுதிடுவேன். டிகிரி கெட்ச்சா போதும்."

"நீ ஏன் இறங்கணும்?" என்றார் அவர். "சாதா கிளாசுக்குப் போனா சலுகை போயிடும். ஃபீசுக்கு உங்க அப்பா எங்க போவாரு? நான் உனக்கு ஒரு வருஷம் வாங்கித் தரேன். படிப்பை நிறுத்தி வெச்சிட்டு, காலு சரியானதும் அடுத்த வருஷம் ஜூன்ல இதே கிளாசுக்கு வா. ஹானர்சாவே முடி."

"ஒரு வருசம் ஊட்ல இருந்தா…" என்று ஆரம்பித்தாள் எஸ்தர்.

"ஒரு வருஷம் என்ன, கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள போயிடும்" என்ற அவர், சொன்ன வார்த்தை உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். எஸ்தர்தான் சிரித்து அதைக் கடக்க வைத்தாள்.

ஹானர்ஸ் வகுப்பில் யாருக்கும் அப்படி ஒரு வருட விடுப்பு கொடுத்ததில்லை. டீன் முடியாது என்றார். விதியில் இல்லை என்றார். இவர் போய் அவர் அறை வாசலில் நிற்பார். சாப்பாட்டு நேரத்தில் நிற்பார். டீன் காரில் ஏறும்போது கார் பக்கத்தில் நிற்பார். "மேடம், உங்களுக்கு எல்லாமே வாய்தாதானா?" என்று எரிச்சலில் கேட்டுவிட்டு, ஒருநாள் டீன் ஒப்புக்கொண்டார். அன்றைக்கு இவர் கேன்டீனில் இருந்த அத்தனை பேருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். என்னிடம், "எனக்கு வேலைல இருந்த இத்தனை வருஷத்துல இதுதான் சார் பெருசு" என்றார்.

முதல் சில மாதங்கள் வாரம் தவறாமல் எஸ்தருக்குப் போன் செய்தார். நான் நடத்துகிற பாடங்களைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். அவள் கேட்டுவிட்டுச் சந்தேகம் கேட்பாள். பிறகு கேட்பது குறைந்தது. ஒரு கட்டத்தில் போன் அணைந்தே கிடந்தது.

"வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வந்துடலாம் சார்" என்றார். கல்லூரி விட்டதும் போனோம். காலனி சிமெண்ட் சாலை, இரண்டு பக்கமும் தண்ணீர்க் குடங்கள், தூரத்தில் ஆலைப் புகை. எஸ்தருடைய அப்பா அன்றைக்கு நைட் ஷிப்ட். வேலைக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தார். மேடத்தைப் பார்த்ததும் கையில் இருந்த டிபன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். முன்கை இரண்டிலும் பழைய தீக்காயத் தழும்புகள்.

"வாங்க மேடம், வாங்க சார். உள்ள வாங்க. ஏம்மே, சேர எட்த்துப் போடு" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

"எஸ்தர் எங்கே?" என்றார் இவர், உட்காராமல்.

"பொண்ணக் கட்டிக் குட்த்துட்டோம் மேடம். ஊத்துக்கோட்ட பக்கம். நல்ல எடம். மாப்ள ஆந்திரா பார்டராண்ட கம்பெனில கீறாரு. கொஞ்சம் நெலம் கீது, மாடு கீது. சர்ச்சிலயே சிம்பிளா முடிச்சிட்டோம். கூப்புட்ணும்னுதான் இருந்தேன், டைம் இல்லாத போய்ட்ச்சி."

மேடம் ஓர் அடி முன்னால் வந்தார். "அவளுக்குப் படிப்பு இருக்கே. ஜூன்ல வரணுமே."

"படிப்பு இன்னா மேடம். டாக்டரு இன்னா சொன்னாரு? இன்னும் கொஞ்ச வருசம்தான், அப்புறம் கண்ணு பூரா போய்டும்னாரு. கண்ணு நல்லா கீற அப்பவே ஒருத்தங்கைல புட்ச்சிக் குட்த்துட்டா நிம்மதி. அப்புறம் யாரு கட்டுவான்?"

"கண் விஷயத்தை மாப்பிள்ளை வீட்ல சொன்னீங்களா?" என்று நான் கேட்டேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். எஸ்தரின் அம்மா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். அதுதான் பதில்.

பிறகு எஸ்தரின் அப்பா மேடத்தின் பக்கம் திரும்பினார். அந்த மனிதரின் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. "நீங்க நல்லா இருக்கணும் மேடம். காலேஜிக்குப் போய்க்கினே இருந்திருந்தா இந்தப் பொண்ணு ஒத்துக்கினு இருக்காது. படிப்பு முடியட்டும் நைனா, முடியட்டும் நைனான்னே தள்ளிக்கினு போயிருக்கும். நீங்க ஒரு வருசம் லீவு வாங்கிக் குட்த்தீங்க பாரு, அதுலதான் என்னால முடிக்க முடிஞ்சிது. ஆண்டவரு உங்க ரூபத்துல வந்து செஞ்சாரு."

இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார். மேடமும் பழக்கத்தில் கைகளைக் கூப்பிவிட்டார். பிறகு கூப்பிய கைகளைப் பிரிக்கத் தெரியாதவர்போல அப்படியே நின்றார். அந்த ஆளைக் கெட்டவர் என்று சொல்ல என்னால் முடியவில்லை. முடிந்திருந்தால் அன்றைக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

அடுத்து வந்த ஒரு விடுமுறை நாளில் ஊத்துக்கோட்டைக்குப் போனோம். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் அந்தக் கிராமம். வாசலில் எஸ்தரின் மாமியார் நெல் துழாவிக்கொண்டிருந்தார். கலகலப்பான அம்மா. காலேஜ் டீச்சருங்க வந்திருக்கிறார்கள் என்றதும் மோர் கொடுத்தார், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்.

"தங்கமான பொண்ணுங்க. கோலம் போடும், மாட்டுக்குத் தண்ணி காட்டும், கணக்குன்னா வாய்லயே போட்ரும். இன்னா ஒண்ணுனா, சாய்ங்காலம் ஆச்சின்னா தலவலின்னு பட்த்துக்கும். வெளக்கு வெச்சப்புறம் வெளிய வராது. எந்நேரமும் பட்ச்சிக்கினே இருந்த பொண்ணு, அதான் அந்தத் தலவலி போல" என்றார்.

எஸ்தர் சமையலறையிலிருந்து வந்தாள். மெலிந்திருந்தாள். எங்களைப் பார்த்த சந்தோஷத்தைவிடப் பயம்தான் அவள் முகத்தில் அதிகமாக இருந்தது. எங்களை வழியனுப்புகிற சாக்கில் சாலை வரை கூடவே நடந்து வந்தாள். வெயிலில், நேராகப் பார்த்துக்கொண்டு, நிதானமாக.

"சொல்லிடாதீங்க மேடம்" என்றாள், வீடு மறைந்ததும். "இன்னும் யாருக்கும் தெரியாது. எந்தெந்த சாமான் எங்கெங்க கீதுன்னு பகல்லயே கைல புட்ச்சி வெச்சிக்குவேன். சேர யாராச்சும் நவுத்தி வெச்சாதான் கஸ்டம். எவ்ளோ நாள் ஓட்ட முடியுதோ ஓட்டலாம்."

மேடம் அவள் கையைப் பிடித்தார். "ஜூன்ல வந்து சேந்துடு. நான் உங்க வீட்டுக்காரர்கிட்டப் பேசறேன். மாமியார் நல்லவங்களா இருக்காங்க."

"இன்னான்னு பேசுவீங்க?" என்றாள் எஸ்தர். வகுப்பில் ஒரு கணக்கை வரி வரியாக எழுதிக் காட்டுகிற அதே குரல். "படிக்க அனுப்புங்கன்னு கேப்பீங்க. பட்ச்சிக்கினு இருந்த பொண்ணு நடுவுல ஏன் நின்னுச்சின்னு கேப்பாங்க. கால் ஒட்ஞ்சிதுன்னு சொல்லுவீங்க. எப்டி ஒட்ஞ்சிதுன்னு கேப்பாங்க. அதுக்கு மேல இன்னா சொல்லுவீங்க மேடம்?"

மேடம் பிடித்திருந்த கையை விட்டார். ஷேர் ஆட்டோ வந்தது. எஸ்தர் எங்களுக்கு முன்னால் கை காட்டி அதை நிறுத்தினாள்.

திரும்பி வருகிற பேருந்தில் அவருக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. பெரியபாளையம் கோயில் கூட்டத்தில் வண்டி நின்று நின்று போய்க்கொண்டிருந்தபோது, ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "அவர் எனக்கு நன்றி சொன்னார் சார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னார்.

அதற்குப் பிறகு அவரை நான் அடையாளம் காணச் சிரமப்பட்டேன். அழுதுகொண்டு வருகிற பிள்ளைகள் வந்தார்கள். நாற்காலியைத் தள்ளிவிட மாட்டார். "வீட்ல யார் யார் இருக்காங்க?" என்று ஆரம்பிப்பார். "லீவு குடுத்தா வீட்ல என்ன செய்வாங்க? உனக்கு வரன் ஏதாவது பாக்கறாங்களா? அண்ணன் என்ன வேலை?" பிள்ளைகள் மிரண்டு போனார்கள். அம்மாவைச் சென்னையில் புற்றுநோய்ப் பிரிவில் சேர்த்துவிட்டு, கூட இருக்க ஆள் இல்லாமல் ஒரு மாத விடுப்பு கேட்டு ஒரு பெண் வந்தாள். இவர் அவளுக்கு ஒரு நாள்கூட வாங்கித் தர மறுத்துவிட்டார்.

"கிளாசை விட்டுடாதே. என்ன ஆனாலும் வந்துக்கிட்டே இரு. போனா உன்னைத் திரும்ப விட மாட்டாங்க" என்றார். கெஞ்சுகிற குரல் அது.

அந்தப் பெண்ணால் எப்படி வர முடியும்? சொல்லாமலே போய்விட்டாள். அம்மா இறந்த பிறகு வந்தபோது பெயர் நீக்கப்பட்டிருந்தது. இவர் போய் டீன் வாசலில் நிற்கவில்லை. கால் மரத்துப் போனவர்போல நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். கைக்கடிகாரம் மணிக்கட்டிலேயே இருந்தது. ஆய்வு வழிகாட்டி, நீட்டிப்புக்கு எழுதட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வருடக்கடைசியில் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்கவே இல்லை. அவர்களும் புதுப்பிக்கவில்லை. ஆய்வுக் குழு வந்து போன சிரமம் எல்லோருக்கும் மறந்துவிட்டதால் அந்தப் பதவிக்கு வேறு யாரையும் போடவில்லை.

கிளம்பிய அன்று அறையில் நானும் அவரும்தான். "நாள் போனா சரியாயிடும் மேடம்" என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அவரிடம் சொல்லக்கூடாத ஒரே ஆறுதல் அதுதான் என்று தோன்றியது.

எஸ்தரின் விடுப்பு அதற்குள் முடிந்து, கெடுவும் தாண்டிவிட்டது. அவள் வரவில்லை.

வந்தது மறுவருடம் ஆடி மாதத்தில். அம்மாவோடு வந்தாள். இந்தத் தடவை அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"ஒரு நாள் கரண்ட்டு போய்ட்ச்சி சார்" என்றார் அவள் அம்மா. "விருந்தாளிங்க வந்திருந்தாங்களாம். கைல சோத்துத் தட்டோட நட்ந்துகினு இருந்திருக்குது. அப்டியே நின்ட்ச்சாம். நவுரவே இல்லயாம். அவ்ளோதான், எல்லாருக்கும் தெரிஞ்சிட்ச்சி. ஏமாத்திக் கட்டி வெச்சிட்டீங்கன்னு கொண்டாந்து வுட்டுட்டாங்க. மாமியாக்காரி அழுதுக்கினேதான் வுட்டுட்டுப் போச்சி. இவுங்க நைனா ஊட்ல யார்ட்டயும் பேச்சே இல்ல."

எஸ்தர் கேட்டது ஒன்றுதான். "சார், மேடம் இருக்காங்களா?"

அவர் வேலையை விட்டுவிட்டார் என்பது அவளுக்குத் தெரியாது. நான் வெளியே போய் அவருக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். "நாளைக்குக் காலைல வரச் சொல்லுங்க சார். நான் வரேன். நான் வந்து பேசறேன்" என்றார். பழைய குரல் கொஞ்சம் திரும்பியதுபோல இருந்தது. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

மறுநாள் எஸ்தரும் அம்மாவும் சீக்கிரமே வந்து, கேட்டுக்கு எதிரே இருக்கிற புங்க மரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கு வகுப்பு இருந்தது. முடித்துவிட்டு வந்து பார்த்தேன், மேடம் வரவில்லை. போன் எடுக்கவில்லை. மதியம் டீன் ஊருக்குக் கிளம்பிவிடுவார் என்பதால், நானே எஸ்தரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

டீன் கடுமையாகப் பேசவில்லை. உட்காரச் சொன்னார். விடுப்பு முடிந்துவிட்டது, ஹானர்ஸ் திட்டமே மாறிவிட்டது, வேண்டுமானால் முதலிலிருந்து புதிதாகச் சேரலாம், ஆனால் சலுகை கிடையாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். நான் வாதாடினேன். எனக்கு அந்த வித்தை தெரியாது. வாசலில் நிற்கத் தெரியாது. பேச்சு முடிகிற நேரத்தில் டீன், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், "அப்பவே சாதாரண வகுப்புக்கு வந்திருந்தா இந்நேரம் டிகிரி முடிச்சிருப்பேம்மா" என்றார்.

"ஆமா சார்" என்றாள் எஸ்தர்.

அவர்களைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டேன். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. சும்மா நிற்கச் சங்கடமாக இருந்ததால், "மேடத்துக்கு ஏதோ வேலை வந்திருக்கும். அப்பாவுக்கு உடம்பு முடியலையோ என்னவோ. இல்லாட்டி வந்திருப்பாங்க" என்றேன்.

"வந்தாங்க சார்" என்றாள் எஸ்தர்.

எனக்குப் புரியவில்லை.

"கேட்டாண்ட வந்து நின்னாங்க. ஆட்டோல வந்தாங்க. நா கேட்டுக்கு நேராத்தான உக்காந்திருந்தேன், எனக்குத் தெரிஞ்சிது. ரொம்ப நேரம் நின்னாங்க. குடையப் புட்ச்சிக்கினு என்னியே பாத்துக்கினு இருந்தாங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினாங்க போல. அப்புறம் அதே ஆட்டோல ஏறிப் போய்ட்டாங்க."

அவள் அம்மா திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். "பக்கத்துலயேதான உக்காந்திருந்தேன், எங்கிட்டக் கூட சொல்லல பாரு."

"கூப்பிட்டிருக்கலாமே எஸ்தர்" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"கூப்ட்டா உள்ள வந்துடுவாங்க சார். எனக்காவ மறுபடியும் அந்த ரூம்பு வாசல்ல போயி நிப்பாங்க. டீனு இல்லம்பாரு. அத்த வேற அவங்க பாக்கணுமா? பாவம், அவங்களும் எவ்ளோ மெலிஞ்சி பூட்டாங்க."

கும்மிடிப்பூண்டி பேருந்து வந்தது. கூட்டமாக இருந்தது. அவள் அம்மா முதலில் ஏறி மேலிருந்து கையை நீட்டினார். எஸ்தர் அந்தக் கையைப் பிடிப்பதற்கு முன், நான் நின்ற பக்கம் முகத்தை முழுவதுமாகத் திருப்பி என்னைத் தேடிக் கண்டுபிடித்து, "மேடத்துக்குப் போன் பண்ணீங்கன்னா நா நல்லா கீறேன்னு சொல்லிடுங்க சார்" என்றாள்.

அன்று மாலை கூப்பிட்டேன். இந்தத் தடவை எடுத்தார். பின்னால் குக்கர் விசில் சத்தமும், ரயில் போகிற சத்தமும் கேட்டன. எஸ்தர் பார்த்ததை நான் சொல்லவில்லை. டீன் சொன்னதையும் சொல்லவில்லை. எஸ்தர் நன்றாக இருப்பதாகச் சொல்லச் சொன்னாள் என்று மட்டும் சொன்னேன்.

"சரி சார்" என்றார்.

ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். நானும் வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை. ரயில் போய் முடிகிற வரை இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தோம்.